சிட்னி ஓபரா ஹவுஸ்: ஐந்து வேலைக்கு ஒரே அரங்கம் கேட்ட பணிக்குறிப்பு

சிட்னி ஓபரா ஹவுஸின் கதையைச் சொல்பவர்கள் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சனில் ஆரம்பித்து, அரசியலில் முடிப்பார்கள். 35 லட்சம் ஆஸ்திரேலிய பவுண்டு என்று போட்ட எஸ்டிமேட், அதாவது பிற்கால நாணயத்தில் 70 லட்சம் டாலர், கடைசியில் 10.2 கோடி டாலரில் போய் நின்றது. 1963 ஜனவரியில் திறப்போம் என்றார்கள், 1973 அக்டோபர் 20 அன்றுதான் திறந்தார்கள். பழி சுமத்த ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் வேலை கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் படிக்கவேண்டிய பகுதி இதற்கெல்லாம் முன்னால் இருக்கிறது. கட்டடத்தில் என்னென்ன வேண்டும் என்று எழுதி, வடிவமைப்புப் போட்டியாளர்களுக்கு அனுப்பிய பணிக்குறிப்பு அது. அட்டையின் நிறத்தால் அதற்குப் 'பழுப்புப் புத்தகம்' என்று பெயர் வந்தது. உலகம் வியக்கும் கூரைக்கு இடம் கொடுத்தது அந்தக் குறிப்புதான். பெயரில் ஓபரா (பாடியே நடிக்கும் இசை நாடகம்) இருந்தும் பெரிய அரங்கில் அது நடக்காமல் போனதற்கு வித்தும் அதிலேயே இருந்தது.

குறிப்பு என்ன கேட்டது

சிட்னி சிம்பொனி இசைக்குழுவின் நடத்துநர் யூஜின் கூசன்ஸ் 1940களின் பின்பாதியிலிருந்தே நகரத்துக்கு ஒரு நல்ல அரங்கம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் ஜோசப் காஹில் 1954-ல் அதைக் கையில் எடுத்தார். துறைமுகத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பென்னலாங் முனை இடமாக முடிவானது. சர்வதேசப் போட்டி அறிவிக்கப்பட்டு, 1956 டிசம்பரில் வரவு முடிந்தபோது 233 வடிவமைப்புகள் வந்திருந்தன.

குறிப்பின் உயிர்நாடி இரண்டு பத்திகள். பெரிய அரங்கில் 3000 முதல் 3500 இருக்கைகள். அதில் நடக்கவேண்டியவை, முக்கியத்துவ வரிசைப்படி: சிம்பொனி எனும் பெரிய வாத்தியக் குழு இசை, பெரிய அளவிலான ஓபரா, பாலே, சேர்ந்திசை, பெருங்கூட்டங்கள். சிறிய அரங்கில் சுமார் 1200 இருக்கைகள். அதற்கும் ஒரு வரிசை: நாடகம், சிறிய ஓபரா, சிறு இசைக்குழுக் கச்சேரி, தனிக் கச்சேரி, சொற்பொழிவு. கட்டடத்தின் வடிவம் பற்றிக் கட்டுப்பாடு இல்லை. செலவுக்கும் வரம்பு இல்லை.

மேலோட்டமாகப் படித்தால் இது ஒழுங்கான குறிப்பு. எண் இருக்கிறது, பயன்பாடு இருக்கிறது, எது முக்கியம் என்ற வரிசை கூட இருக்கிறது. பெரும்பாலான அலுவலகங்களில் இந்த அளவு தெளிவாகக்கூட எழுதுவதில்லை. சிக்கல் அந்த வரிசையில்தான் ஒளிந்திருந்தது.

அரை மணி நேரக் கணக்கு

சிம்பொனிக்கும் ஓபராவுக்கும் ஒரே கூடம் ஏன் ஒத்துவராது என்பதை ஒலியியல் நிபுணர் இல்லாமலே காகிதத்தில் பார்க்கலாம். அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சாபின் தந்த சூத்திரம் 1900 முதலே அரங்கக் கட்டுமானத்தில் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு கூடத்தில் ஒலி எவ்வளவு நேரம் முழங்கி அடங்குகிறது என்பதே எதிர்முழக்க நேரம். அது 0.161-ஐக் கூடத்தின் கனஅளவால் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சலால் வகுத்தால் வரும்.

சிம்பொனிக்கு ஏறத்தாழ 2 விநாடி வேண்டும், அப்போதுதான் வயலின்கள் ஒன்றோடொன்று கலந்து நிறைவாக ஒலிக்கும். ஓபராவில் பாட்டின் சொல் காதில் விழவேண்டும், ஆகவே 1.3 முதல் 1.5 விநாடி. பேச்சுக்கு 1 விநாடியே போதும். இனி கணக்கு. ஆள் உட்கார்ந்த ஓர் இருக்கை சுமார் 0.57 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உறிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். 2800 பேருக்கு 1600 ஆகிறது. சுவர், கூரை, மேடைக்கு ஒரு 400 சேர்த்தால் 2000 சதுர மீட்டர். 2 விநாடி கிடைக்கவேண்டுமானால் கூடத்தின் கனஅளவு 24,800 கன மீட்டர் இருக்கவேண்டும். அதே கூடத்தில் மறுநாள் ஓபரா என்றால், 1.4 விநாடிக்கு இறக்க 2850 சதுர மீட்டர் உறிஞ்சல் தேவை. அதாவது கூடுதலாக 850 சதுர மீட்டர் அளவுக்கு முழுமையாக ஒலி உறிஞ்சும் பரப்பு ஒரே நாளில் உள்ளே வந்து, அடுத்த சிம்பொனிக்கு முன் வெளியே போகவேண்டும். கனத்த திரைகூட விழும் ஒலி முழுவதையும் விழுங்குவதில்லை என்பதால், நடைமுறையில் துணியின் பரப்பு இன்னும் அதிகமாகும்.

இது ஒலிக்கணக்கு மட்டும். ஓபராவுக்கு மேடைக்கு மேலே செட்டுகளைத் தூக்கி மறைக்க உயரமான கோபுரம் வேண்டும், முன்னால் இசைக்குழு உட்காரக் குழி வேண்டும். சிம்பொனியில் இசைக்குழு ரசிகர்களோடு ஒரே கூடத்துக்குள் இருக்கவேண்டும். மேலே கோபுரம் திறந்திருந்தால் ஒலி அதற்குள் போய்த் தொலைந்துவிடும்.

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பது இதுதான். ஆசைப்பட்டதில் தப்பில்லை. இரண்டும் மோதும்போது எதை விடுவது, அதை யார் முடிவு செய்வது என்று எழுதாததுதான் தப்பு. முக்கியத்துவ வரிசை போட்டதே முடிவெடுத்துவிட்ட உணர்வைத் தந்துவிட்டது. சிம்பொனி முதலிடம், ஓபரா இரண்டாமிடம் என்றால், முதலாவதற்காக இரண்டாவதைக் கைவிடலாமா, அல்லது இரண்டையும் பாதிப் பாதி திருப்திப்படுத்த வேண்டுமா? குறிப்பில் இதற்குப் பதில் இல்லை. அந்த முடிவு எடுக்கப்பட்டது 1967-ல்.

எழுதாததைப் படித்தவர்

குறிப்பின் நல்ல பக்கத்தையும் பார்க்கவேண்டும். வடிவத்தைத் திறந்துவிட்டதால்தான் உட்சனின் வரைபடம் சாத்தியமானது. அவர் சிட்னிக்குப் போகாமலேயே வரைந்தார். துறைமுகத்தின் கடல் வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு இடத்தைப் படித்தார். அப்பா கப்பல் வடிவமைப்பாளர், அதனால் கடல் வரைபடம் படிப்பது வீட்டிலேயே பழகிய வேலை.

அந்தப் படிப்பில் அவர் பிடித்தவை குறிப்பில் இல்லாத உண்மைகள். முனையின் மூன்று பக்கமும் நீர், ஆகவே கட்டடத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று கிடையாது. பக்கத்தில் துறைமுகப் பாலம் இருக்கிறது, கப்பல்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே மக்கள் இதை மேலிருந்தும் பார்ப்பார்கள். கூரைதான் முகப்பு. கூரையில் குழாயும் தொட்டியும் வைத்து மறைக்க முடியாது. இடம் குறுகல், ஆனாலும் இரண்டு அரங்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதனால் மேடைக்கு இருபுறமும் செட்டுகளை நகர்த்தி வைக்க இடமில்லாமல் போனது. செட்டுகளை அடியிலிருந்து லிஃப்டில் மேலேற்றுவது என்று அதற்கு வழி கண்டார். பட்டறை, சரக்கு வண்டி எல்லாம் பெரிய மேடான தளத்துக்குள் போய்விட்டன. அந்தத் தளத்துக்குப் பின்னால் 1949-ல் அவர் மெக்சிகோவில் பார்த்த பழங்கால மேடைக் கோவில்கள் இருந்தன.

நடுவர் குழுவில் ஏரோ சாரினென், லெஸ்லி மார்ட்டின், காப்டன் பார்க்ஸ், இங்கம் ஆஷ்வொர்த் என நால்வர். வரைபடங்கள் வெறும் விளக்கப்படம் போல எளிமையாக இருக்கின்றன என்பதை அவர்கள் அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் திரும்பத் திரும்ப அதனிடமே வந்தோம், உலகின் பெருங்கட்டடங்களில் ஒன்றாக வளரக்கூடியது இது என்றும் எழுதினார்கள். முடிவு 1957 ஜனவரி 29-ல் வந்தது.

கல்லூரி ப்ராஜெக்ட் செய்பவர்கள் இந்த இடத்தில் நின்று கவனிக்கலாம். படைப்புத்திறன் என்றதும் பலரும் யோசனைகளைக் குவிக்கிறார்கள். உட்சன் முதலில் குவித்தது உண்மைகளை. தாளில் ஒரு கோடு போடுமுன், கொடுத்த குறிப்பில் இல்லாத, ஆனால் நேரில் போனாலோ படம் பார்த்தாலோ தெரிகிற பத்து விஷயங்களை எழுதிவைத்தால், அவற்றில் இரண்டு மூன்றாவது வடிவத்தைத் தீர்மானிக்கும். யார் எந்தத் திசையிலிருந்து வருகிறார்கள், மழையில் என்ன ஆகும், சரக்கு எப்போது இறங்கும், யார் கண்ணில் முதலில் படும் என்கிற மாதிரி சாதாரணக் கேள்விகள் போதும்.

கட்டுப்பாடு கொடுத்த வடிவம்

போட்டியில் வென்ற கூரைக்கு வடிவக்கணிதம் கிடையாது. கையால் வரைந்த வளைவுகள் அவை. ஓவ் அருப் நிறுவனப் பொறியாளர்கள் பரவளையம், நீள்வட்டம் என்று 1957 முதல் 1961 வரை பலவற்றை முயன்றார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே தடை: கூரையைத் தாங்கும் ஒவ்வொரு விலாவும் (வளைந்த கான்கிரீட் சட்டம்) வேறு வளைவு. ஒன்றுக்கு அடித்த சென்ட்ரிங் அடுத்ததற்கு உதவாது. அப்படி வார்த்தால் செலவுக்குக் கரையே இல்லை.

ஒரே அச்சில் மறுபடி மறுபடி வார்க்கவேண்டும் என்பதைத் தவிர்க்கமுடியாத நிபந்தனையாக எடுத்துக்கொண்டதும்தான் விடை வந்தது. கூரையின் எல்லா வளைந்த பகுதிகளையும் 75.2 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுப்பது. கோளத்தில் எங்கே தொட்டாலும் வளைவு ஒன்றே. ஆகவே விலாத் துண்டுகளை ஒரு சில அச்சுகளில் தரையிலேயே வார்த்து மேலே ஏற்றலாம், டைல்ஸும் ஒரே அளவில் செய்யலாம். கூரையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டைல்ஸ் இருந்தும் பெரும்பகுதிக்கு ஒரே அளவு போதுமானது இதனால்தான்.

'வரம்பு வைத்தால் கற்பனை செத்துவிடும்' என்று சொல்லிக் குறிப்பை மொட்டையாக அனுப்புகிறவர்களுக்கு இதைக் காட்டலாம். செலவு வரம்பு இல்லை, வடிவ வரம்பு இல்லை என்றிருந்தபோது அழகான, ஆனால் கட்டமுடியாத கோடு கிடைத்தது. வார்ப்பு நிபந்தனை நுழைந்ததும் கட்டக்கூடிய அழகு கிடைத்தது. இன்று சிட்னியின் அடையாளமாக அச்சாகும் கூரை இரண்டாவதாக வந்ததுதான்.

முடிவு தள்ளிப்போனதன் விலை

அவசரம் வேறு சேர்ந்துகொண்டது. தேர்தலும் ஆதரவும் கையைவிட்டுப் போகுமுன் தொடங்கிவிட வேண்டும் என்று 1959 மார்ச்சில் அடித்தளத்தில் வேலையை ஆரம்பித்தார்கள். கூரையின் எடை எவ்வளவு என்று அப்போது யாருக்கும் தெரியாது. கூரை முடிவானதும், ஏற்கெனவே எழுப்பிய தூண்கள் அதைத் தாங்காது என்று தெரிந்து, அவற்றை உடைத்துத் திரும்பக் கட்டினார்கள். காஹில் அந்த ஆண்டே இறந்துபோனார்.

1965-ல் ஆட்சி மாறியது. பொதுப்பணி அமைச்சர் டேவிஸ் ஹியூஸுடன் கட்டணம், வரைபட ஒப்புதல் பற்றிய தகராறு முற்றி, 1966 பிப்ரவரி 28-ல் உட்சன் விலகினார். உள்ளே இருக்கவேண்டியதெல்லாம் அவருக்குப் பின் வந்த கட்டடக் கலைஞர் பீட்டர் ஹால் தலையில் விழுந்தது. அவர் செய்த முதல் உருப்படியான காரியம், பத்தாண்டுக்கு முன் செய்திருக்கவேண்டிய ஒன்று: அரங்கைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று உட்கார்ந்து கேட்டது. சிம்பொனி இசைக்குழுவை நடத்திவந்த ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி, 2800 இருக்கையும் 2 விநாடி எதிர்முழக்கமும் இல்லாமல் வரமாட்டோம் என்றது. உட்சன் விலகுமுன்பே கேட்டுக்கொண்டிருந்ததுதான். இரட்டைப் பயன்பாட்டுக் கூடத்தில் அதைக் கொடுக்க வழியில்லை.

1967-ல் அரசு முடிவெடுத்தது. பெரிய அரங்கம் இசைக்கச்சேரிக்கு மட்டும். பெரிய ஓபராவுக்கென்று வரவழைத்த மேடை இயந்திரங்களைக் கழற்றி எடுத்தார்கள். அவை இருக்கவேண்டிய இடத்தில் ஒத்திகைக்கும் ஒலிப்பதிவுக்கும் அறை வந்தது. ஓபரா சிறிய அரங்குக்குப் போனது. சிறிய அரங்கில் முதலிடம் நாடகத்துக்கு என்று குறிப்பு சொல்லியிருந்ததே! நாடகம் அங்கிருந்து கீழே தளத்துக்குள் சுமார் 540 இருக்கை கொண்ட புது அறைக்கு இறங்கியது. ஒரு வரியில் எடுக்காத முடிவு மூன்று கூடங்களை இடம் மாற்றிவிட்டது.

விளைவை இன்றும் பார்க்கலாம். கச்சேரிக் கூடத்தில் 1973-ல் 2679 இருக்கைகள், குறிப்பு கேட்ட 3000-ஐக்கூட எட்டவில்லை. நாடகத்துக்காக அளவெடுத்த கூடத்தில் ஓபரா நடக்கிறது. மேடையின் பக்கவாட்டில் இடம் கிடையாது, குழி ஒடுக்கமானது, பெரிய இசைக்குழு கேட்கும் வாக்னர், ஸ்ட்ராஸ் ஓபராக்களுக்கு உட்காரவே இடம் பற்றாது. ஓபரா ஹவுஸ் என்று பெயர் வைத்த இடத்தில் இது கொஞ்சம் வேடிக்கைதான்.

அதே பத்தியைத் திரும்ப எழுதினால்

கீழே இருப்பது பெரிய அரங்கத்துக்கான பத்தியின் மாற்று வடிவம். அளவுகள் மாதிரிக்காக இடப்பட்டவை.

'பெரிய அரங்கம் சிம்பொனி இசைக்குரியது. ஆள் நிறைந்த நிலையில் எதிர்முழக்க நேரம் 1.9 முதல் 2.1 விநாடி. இருக்கை 2600-க்குக் குறையக்கூடாது, 2800 விரும்பத்தக்கது. ஒலியும் இருக்கையும் மோதினால் இருக்கையைக் குறைக்கலாம், 2600 வரை. ஓபராவுக்கு இரண்டாவது அரங்கம்: 1600 இருக்கை, 80 இசைஞர் அமரும் குழி, காட்சி இடைவேளையில் முழு செட்டும் 3 நிமிடத்துக்குள் மாறவேண்டும். நாடகத்துக்குத் தனிக் கூடம் தேவையா என்பதைப் போட்டியாளர் காரணத்துடன் சொல்லலாம். அரங்குகளின் அமைவு, கூரை, பொருள் எல்லாம் போட்டியாளர் விருப்பம். இந்தப் பத்தியில் ஐயமோ மோதலோ வந்தால் இறுதிச் சொல் கட்டடக் குழுத் தலைவருடையது.'

ஒரு வரியில் கொஞ்சம் நிற்கலாம். 'மேடையின் இருபுறமும் மேடை அகலத்துக்குப் பக்கமேடை வேண்டும்' என்று எழுதுவதுதான் வழக்கம். அப்படி எழுதியிருந்தால், அரங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த உட்சனின் திட்டம் முதல் சுற்றிலேயே கழிந்திருக்கும். '3 நிமிடத்தில் செட் மாறவேண்டும்' என்றால் லிஃப்டில் ஏற்றும் யோசனையும் உள்ளே வரலாம், சுழல்மேடையும் வரலாம். தேவையை எழுதவேண்டும், தீர்வை எழுதக்கூடாது. குறிப்பு எழுதுபவருக்கு ஏற்கெனவே ஒரு தீர்வு மனதில் இருக்கும், அதைத் தேவை என்று நம்பியே எழுதிவிடுவார். பெரும்பாலான கோளாறு அங்கேதான்.

இதற்கு நேர்மாறான நல்ல உதாரணம் ஃபிரான்சின் சித்ரோயன் நிறுவனத்தில் இருக்கிறது. 1930களில் கிராமத்து விவசாயிகளுக்கான காருக்கு பியர் புலாஞ்சே கொடுத்த கேட்பு: நாலு பேர், 50 கிலோ உருளைக்கிழங்கு, மணிக்கு 60 கிலோமீட்டர், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர், உழுத வயலைக் கடந்தாலும் கூடையில் ஒரு முட்டையும் உடையக்கூடாது. 'மென்மையான சஸ்பென்ஷன் வேண்டும்' என்று அவர் எழுதவில்லை. முட்டையைச் சோதனையாக வைத்தார். முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் இணைக்கும் புதுமாதிரி சஸ்பென்ஷனைப் பொறியாளர்கள் கண்டார்கள். 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த டூ செவோ கார் அதுதான்.

உங்கள் மேஜையில்

கையில் ஒரு குறிப்பு வந்தால், அது அலுவலக பிரீஃபாக இருந்தாலும் ஆய்வேட்டுத் தலைப்பாக இருந்தாலும், முதலில் அதில் கேட்டிருப்பவற்றை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இரண்டிரண்டாக எதிரே நிறுத்துங்கள். ஐந்து தேவை இருந்தால் பத்து ஜோடி வரும், 20 நிமிட வேலை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே கேள்வி: இது முழுதாகக் கிடைத்தால் அது குறையுமா? 'குறையும்' என்று வருகிற ஜோடிகள்தான் கேட்டுத் தெளியவேண்டியவை. பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் இருக்கும். கேட்கும்போது 'எது முக்கியம்?' என்று கேட்காதீர்கள். 'இரண்டும் முக்கியம்' என்றுதான் பதில் வரும். 'இது 2 விநாடி வேண்டுமானால் இருக்கை 200 குறையும், சம்மதமா?' என்று எண்ணோடு கேளுங்கள். எண்ணுக்கு முன்னால் மழுப்ப முடியாது.

பிறகு கணக்கிட முடிந்ததைக் கணக்கிடுங்கள், தோராயமானாலும் சரி. மேலே போட்ட சாபின் கணக்கு நூறு சதம் துல்லியமில்லை, ஆனால் 850 சதுர மீட்டர் என்ற அளவு தெரிந்தாலே சிக்கல் சின்னதா பெரிதா என்று புலப்பட்டுவிடும். 'மூன்று மாதத்தில் 40 பேரிடம் நேர்காணல்' என்று ஆய்வேட்டில் எழுதுமுன், ஒரு நேர்காணலுக்குப் பயணம், பேச்சு, எழுத்தாக்கம் எல்லாம் சேர்த்து எத்தனை மணி என்று பெருக்கிப் பார்ப்பதும் இதே ரகம்.

பயன்படுத்தப்போகிறவர் யார் என்பதும் குறிப்பில் இருக்கவேண்டும். சிட்னியில் பணம் கொடுத்தவர் அரசு, பயன்படுத்தப்போனவர் ஏபிசி. ஏபிசியின் நிபந்தனை வடிவமைப்பு உறைந்த பிறகு வந்து விழுந்தது. 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறதோ, அவர் கையெழுத்து முதல் நாளே வாங்கவேண்டியது.

செலவு, கெடு இரண்டையும் வெற்றிடமாக விட்டால் தாராளமாகத் தெரியும். உண்மையில் எதிரில் இருப்பவர் தாமே ஓர் எண்ணை ஊகித்துக்கொள்வார், உங்கள் மனதிலும் வேறோர் எண் இருக்கும். தெரியாவிட்டால் 'இதற்குமேல் போனால் நிறுத்திக் கேட்கவேண்டும்' என்று ஒரு எல்லைக்கோடாவது போடலாம்.

குறிப்பு மாறத்தான் செய்யும், மாறுவதில் குற்றமில்லை. மாறிய ஒவ்வொரு வரிக்கும் தேதி, மாற்றியவர் பெயர், எதற்காக, அதனால் எந்த வேலை திரும்பச் செய்யவேண்டும் என்ற நாலு விவரத்தை அதே கோப்பின் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிட வேண்டும். நாலாவது விவரம்தான் வழக்கமாக விடுபடுவது. இருக்கை எண்ணிக்கையை மாற்றுபவர், தம் எதிரே 'மேடை இயந்திரங்கள் கழற்றப்படும்' என்ற வரி எழுதப்படுவதைப் பார்த்தால், அந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் யோசித்துத்தான் போடுவார்.